ராசாங்கத்தின் வலது கால்

என் மனைவியின் அண்ணன் ராசாங்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால், அவர் பஸ் டிரைவர் ஆயிற்றே, நாளெல்லாம் உட்கார்ந்துதானே இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவர் இருக்கிற இருப்பை உட்கார்வது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டின் நுனியில் பாதி உடம்பு, பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு கண், முன்னால் போகிற வண்டியின் மேல் உயிர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் தனியார் பஸ் அது. முன்வண்டியைத் தொட்டுவிட வேண்டும், பின்வண்டியிடம் சிக்கிவிடக் கூடாது. பல வருடங்களாக அவருடைய பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

வீட்டிலும் அதே கதைதான். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். படுத்திருக்கும்போது குக்கர் விசில் அடித்தால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எழுந்து நிற்பார். கோபம் என்பது துளியும் கிடையாது. யாரையும் ஒரு சொல் திட்டமாட்டார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கே படபடப்பு வந்துவிடும்.

நான் எதிர்க்கட்சி. அரியலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. எதற்கும் அவசரப்பட்டதில்லை. அதனால் என் மனைவி மேகலா என்னை ‘ஈரச்சாக்கு’ என்பாள். பதிலுக்கு நான் அவளுடைய பிறந்த வீட்டுக்குப் ‘பதறாம்பட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த ஊரில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் துணை என்று நம்பியிருந்தேன். ராசாங்கத்தின் மகன் ரஞ்சித்குமார். டிப்ளமோ முடித்துவிட்டு, கனரக வாகன லைசென்சும் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத பையன். “இவன் நம்ம கட்சி” என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பதறாம்பட்டி என்று நான் கேலி செய்தாலும், அந்தக் குடும்பத்தின் கதை கேலிக்குரியது அல்ல. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை செய்த குடும்பம். என் மாமனார் செல்லமுத்துதான் அதில் முதன்முதலாக டிராக்டரில் ஏறி உட்கார்ந்தவர். ஒருநாள் மத்தியானம் மக்காச்சோளக் காட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தவர் நிமிரவில்லை. மூத்த மச்சான் தமிழழகனும் பஸ் டிரைவர். உடையார்பாளையம் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜனங்கள் இறங்கும் வரை பார்த்திருந்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். இருவருக்கும் பிரஷர். இருவரும் ஐம்பதைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை.

ராசாங்கத்துக்கு இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருந்தது. “அப்பா சாராயம் குடிச்சாரு. அண்ணனுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், உடம்பும் பெருத்த உடம்பு. எனக்கு என்ன இருக்கு? குடி இல்ல, கோவம் இல்ல, தொப்ப இல்ல. பிரஷர் எந்தப் பக்கமா வரும் மாப்ள?” என்பார். சட்டையைத் தூக்கி ஒட்டிய வயிற்றைக் காட்டுவார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன மாசி மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தெளிந்துவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த நடைக்கு வண்டியை எடுத்துவிட்டார். ஆனால் கண்டக்டர் பார்த்துவிட்டார். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. தமிழழகன் கடைசியாக ஓட்டியதும் அதே முதலாளியின் வண்டியைத்தான்.

“உங்கண்ணன நாலு பேரா தூக்கிட்டுப் போனதுல நானும் ஒருத்தன் ராசாங்கம். இன்னொரு தடவ என்னால முடியாது. வண்டி ஓட்டலாம்னு டாக்டர் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் மணிவண்ணன் ஆக்டிங் ஓட்டட்டும்” என்று முதலாளி சொல்லிவிட்டார். டிரைவர் வராத நாளில் அவருக்குப் பதிலாக ஓட்டுகிறவருக்கு ஆக்டிங் என்று பெயர். ராசாங்கம் தன் சீட்டில் ஆக்டிங் ஏற விட்டவரே அல்ல. காய்ச்சலோடு ஓட்டியிருக்கிறார். தங்கையின் கல்யாணத்தன்றுகூட, அதாவது என் கல்யாணத்தன்று, தாலி கட்டி முடித்ததும் சாயங்கால நடைக்கு ஓடிவிட்டார்.

பெரம்பலூரில் ஒரு சின்ன கிளினிக்குக்கு அவரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கவியா, ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண், சின்ன வயது. உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூடுதல், பயப்படும்படி இல்லை. ராசாங்கம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் டாக்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டார், அண்ணனைப் பற்றிக் கேட்டார், சாராயம், கோபம் என்கிற அவருடைய விளக்கத்தையும் கேட்டுக்கொண்டார், கண் இருட்டிய கதையைக் கேட்டார். பிறகு ஒரு கருவியை எடுத்தார். கையில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு குழாய், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி.

“இத இன்னிக்குப் பூரா கட்டியிருங்க. நாளைக்குக் காலைல கழட்டிக்கலாம். அரை மணிக்கு ஒருதரம் தானா இறுக்கிப் பிரஷர் பாக்கும். இறுக்கும்போது கைய மட்டும் ஆட்டக் கூடாது. மத்தபடி எப்பவும் போல இருங்க. வண்டி மட்டும் ஓட்டாதீங்க.”

“வண்டி ஓட்டாம எப்படிங்க எப்பவும் போல இருக்கறது?” என்றார் ராசாங்கம். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டு நான் அரியலூருக்குப் பஸ் ஏறினேன். ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் அவர் வந்து சீட்டின் நுனியில் ஒட்டிக்கொள்கிறார். அவருடைய பஸ்தான். ஸ்டீயரிங்கில் மணிவண்ணன். “சும்மா ஒரு நடை போயிட்டு வரேன் மாப்ள. வூட்டுல என்ன இருக்கு?” என்றார்.

அன்று அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பஸ் நகர்ந்ததிலிருந்து அவருடைய வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தால் கால் அழுந்தும். மணிவண்ணன் கியர் மாற்றத் தாமதித்தால் கை துடிக்கும். பேரளி தாண்டி முன்வண்டியின் பின்பக்கம் தெரிந்ததும், மனிதர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார். அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாக எதிரே வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் கால் பிரேக் போட்டது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், கால எடுங்க. வண்டிய மணிவண்ணன் ஓட்டுறாரு” என்றேன்.

“எடுத்துட்டுத்தான் இருக்கேன்” என்றார். கால் தரையில் ஊன்றியபடியே இருந்தது. பெருவிரல் வெளுத்துப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கருவி இறுக்கியது. பெட்டியின் சின்னத் திரையில் எண் வந்தது. மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். அரியலூரில் இறங்கியதும் கையிலிருந்த பட்டையை வெறித்துப் பார்த்துக்கொண்டு, “மாப்ள, இதோட போச்சு. என் சீட்டு போச்சு” என்றார். ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ரஞ்சித்குமார் கட்டிலில் மல்லாந்து படுத்துச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் பட்டை. இடுப்பில் பெட்டி.

“என்ன கூத்து இது?” என்றேன்.

ராசாங்கத்தின் மனைவி ஜெயசித்ரா அடுப்படியிலிருந்து வந்தாள். “நீங்களாச்சும் கேளுங்கண்ணே. வந்ததும் வராததுமா அத அவுத்து இவன் கையில கட்டிட்டாரு. வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறாரு.”

ராசாங்கம் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். முகத்தில் காலையில் பார்த்த இருட்டு இல்லை. “வண்டிக்கு ஆக்டிங் போடறதில்லையா மாப்ள? இது கைக்கு ஆக்டிங். மெஷினுக்கு ஆளா தெரியும்? கைதான் தெரியும். பச்சப் புள்ள ரத்தம். மத்தியானத்துலேருந்து படுத்தே கெடக்கான். காலைல ஏறுனது ஏதோ வெயில்ல ஏறுச்சுன்னு டாக்டரு விட்டுருவாங்க.”

“இது டாக்டர ஏமாத்தற வேல இல்ல மச்சான், எமன ஏமாத்தற வேல” என்று கத்தினேன். ஈரச்சாக்கு கத்தியதில் எல்லோருக்கும் ஆச்சரியம். “அப்பாவுக்கு இருந்துச்சு, அண்ணனுக்கு இருந்துச்சு. உங்களுக்குன்னு பயமே இல்லையா?”

“பயம் இருக்கறதுனாலதான்யா” என்றார் அவர். “வூட்டுல உக்காந்தா நான் அதுலயே செத்துப்போவேன்.” பேச்சை முடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் ரஞ்சித்தைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கினான்.

அப்போதுதான் அவனுடைய போன் அடித்தது. படுத்தபடியே எடுத்தான். “ஆமாங்க... சரிங்க... சரிங்க” என்றான். வைத்துவிட்டான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. யாரென்று கேட்டேன். “தெரிஞ்சவங்கதான் மாமா” என்றான். கொஞ்ச நேரத்தில் கருவி இறுக்கியது. அவன் திரையைப் பார்த்தான். பெட்டியைத் திருப்பி வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டான். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பட்டை மறுபடி ராசாங்கத்தின் கைக்கு வந்தது. மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். ரஞ்சித்குமார் வெளியே பைக்கின் மேல் சாய்ந்து நின்றான். டாக்டர் கருவியைக் கம்ப்யூட்டரில் சொருகினார். திரையில் கோடு ஏறி இறங்கியது. ராசாங்கம் நாற்காலியின் நுனியில் இருந்தார்.

“காலைல வண்டி ஓட்டுனீங்களா? ஓட்டாதீங்கன்னுதானே சொன்னேன்?” என்றார் டாக்டர். பஸ்ஸில் சும்மா ஏறிப் போனதாக ராசாங்கம் ஒப்புக்கொண்டார். “நல்லா ஏறியிருக்கு. மத்தியானத்துலேருந்து நல்லா அடங்கிருச்சு.” ராசாங்கம் என் தொடையைக் கிள்ளினார். “ஆனா சாயங்காலம் என்ன செஞ்சீங்க? ஆறு மணி வாக்குல?”

“ஒண்ணும் செய்யலீங்களே. படுத்துட்டுத்தான் இருந்தேன்.”

“படுத்துட்டா? பஸ்ஸுல ஏறுனதவிட ஜாஸ்தியா ஏறியிருக்கு ஐயா. ஒரே தாவு. நாடித்துடிப்பும் கூடவே தாவியிருக்கு. ஏறுனது எறங்க ரொம்ப நேரம் ஆகியிருக்கு. படுத்திருக்கற மனுஷனுக்கு இப்படி வந்தா நான் சும்மா விட முடியாது.”

ராசாங்கம் திரையைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கோபுரத்தைப் பார்த்தார். அவருடைய சீட்டு, அவருடைய நடை, முன்வண்டி, பின்வண்டி எல்லாம் அந்த இடத்தில் அவரை விட்டு இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனைவியோடு சண்டை என்றால் டாக்டர் நம்பியிருப்பார். அவருக்கு அது தோன்றவே இல்லை.

“அது என் கை இல்லீங்க” என்றார். “எம்புள்ள கை.”

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கதவைத் திறந்து, “தம்பி, உள்ள வாங்க” என்று கூப்பிட்டார். அவனை உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார். சரியான அளவு. குறையே சொல்ல முடியாது.

“நேத்து ஆறு மணிக்கு என்ன நடந்துச்சு?”

ரஞ்சித் அப்பாவைப் பார்த்தான். “மொதலாளி போன் பண்ணாரு. டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இனி உங்கப்பாவ வண்டியில ஏத்த எனக்கு மனசு வரல, அந்த சீட்டுக்கு நீ வந்துடுன்னாரு. சரின்னுட்டேன்.”

“பயந்தீங்களா?”

“பயமெல்லாம் இல்லீங்க. உள்ளுக்குள்ள மட்டும் மடமடன்னு அடிச்சுது. எப்பவும் அடிக்கறதுதான். வெளிய தெரியாது.”

எப்பவும் அடிக்கறதுதான் என்றானே, அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நாளும் நம்ம கட்சி, நம்ம கட்சி என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். மூளையிலிருந்து நெஞ்சுக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகிற நரம்புகள் இருக்கின்றன. ஆபத்து என்றால் அவைதான் உடம்பை எழுப்பிவிடும், இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், குழாய்களை இறுக்கும். எல்லோருக்கும் உள்ளதுதான். சில குடும்பங்களில் அவை சட்டென்று எழும்பும், லேசில் அடங்காது. “அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிரஷர் இருந்தா, சில புள்ளைங்களுக்குப் பிரஷர் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்த நரம்பு அப்படி வேல செய்ய ஆரம்பிச்சுரும். உக்கார வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நித்தம் ஏறி எறங்கி, ஏறி எறங்கி, ஒருநாள் எறங்காமயே நின்னுரும். உப்பு, உடம்பு எடை, கிட்னி எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. ஆனா உங்க குடும்பத்துல கோவம்தான் காரணம்னு நெனச்சீங்க பாருங்க, அது தப்பு. கோவப்படாதவங்களுக்கும் உள்ள இது ஓடும்.”

“அப்ப இவனுக்கும் என் அண்ணன் மாதிரி...” என்று ராசாங்கம் தொடங்கினார். முடிக்க முடியவில்லை. உதடு கோணிக்கொண்டு வந்தது.

“இல்ல ஐயா. இவருக்கு இப்ப நோய் இல்ல. ஒருநாள் பாத்தத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது, திரும்பப் பாக்கணும். ஆனா அண்ணனுக்கும் அப்பாவுக்கும் தெரியாதது இவருக்கு இந்த வயசுலயே தெரிஞ்சிருச்சு. நடக்கணும், தூங்கணும், உப்பக் கொறைக்கணும், வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து பாக்கணும். டிரைவர் வேலைக்குப் போகக் கூடாதுன்னு நான் சொல்லல. உங்களுக்குத்தான் இன்னிக்கே மாத்திர. பிரஷர் கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. இந்தத் தடவ மெஷின் உங்க கையிலதான் இருக்கணும்.”

“கட்டுங்க” என்று ராசாங்கம் கையை நீட்டினார்.

அன்று வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயிலில் நடை திறந்திருக்கும், ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமா என்று வழியில் கேட்டேன். எப்போதும் முதலில் கிளம்புகிறவர், “அடுத்த வாரம் போலாம் மாப்ள. இன்னிக்கு வூட்டுல உக்காரணும்” என்றார். வழியிலேயே முதலாளிக்கும் போன் போட்டார். “மணிவண்ணனே ஓட்டட்டுங்க. எம்பையன் இப்ப வேண்டாம். சொல்றேன், நேர்ல வந்து சொல்றேன்” என்றார்.

மத்தியானம் அவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ந்து, முழு உடம்பையும் கொடுத்து. பக்கத்து நாற்காலியில் ரஞ்சித். ஜெயசித்ரா உப்புக் குறைத்து வைத்த ரசத்தை எல்லோரும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்திருந்தோம். எதிரில் டிவியில் ஏதோ ஓடியது. நான் கட்டிலில் என் பழைய கட்சிக்கே உரிய வேகத்தில் கண் அசந்துகொண்டிருந்தேன்.

மெயின் ரோட்டில் அவர்களுடைய பஸ் வரும் சத்தம் கேட்டது. அந்த ஏர் ஹாரன் அந்தத் தெருவுக்கே தெரியும். ராசாங்கத்தின் வலது கால் சட்டென்று தரையை அழுத்தியது. அவரே குனிந்து பார்த்தார். மெல்ல எடுத்து நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் பார்த்தார். ரஞ்சித்தின் முகம் டிவியைப் பார்த்துச் சாதாரணமாக இருந்தது. அவனுடைய வலது கால் தரையில் அழுந்தியிருந்தது. பெருவிரல் வெளுத்திருந்தது.

“ரஞ்சித்து, கால எடுறா” என்றார்.

“எடுத்துட்டம்பா” என்றான் அவன். கால் அப்படியேதான் இருந்தது.

ராசாங்கம் குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஹாரன் சத்தம் தெருவைத் தாண்டிப் போயிற்று. அந்த நேரம் அவர் கையில் இருந்த பட்டை இறுக ஆரம்பித்தது. ஆட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகனுடைய காலைப் பிடித்தபடியே அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.